சிரிப்பை வெட்டிய இடம்

யூன் 6, 2024, வியாழன்
இரண்டு கல்யாண அல்பம் முடித்தேன். பரந்தன் சந்தி முழுக்கப் புழுதி. ஸ்டூடியோவைப் பூட்டும்போது செல்வநாயகம் அண்ணை சொன்னார்: "சுமித்திரா, இனிச் சனிக்கிழமைகளில புரொஜெக்டரைக் கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போங்கோ. தேனுகா டீச்சர் பிள்ளைகளுக்கு ஏதோ பழைய படங்கள் போடுறாவாம். படம் முடியும்வரைக்கும் நிண்டு திருப்பிக் கொண்டு வாங்கோ."
படம் பார்க்கச் சம்பளம். நல்லதுதான்.

யூன் 8, சனி
நூறு வருடத்துக்கு முந்திய ரஷ்யப் படம். பேச்சே இல்லை. ஆலை வாசலில் தொழிலாளர்கள் நிற்கிறார்கள். குதிரைகளில் சிப்பாய்கள் வருகிறார்கள். ஒரு கிழவியின் முகம், சப்பாத்துகள், திரும்பவும் அவளுடைய முகம். அந்தக் கிழவி அந்தச் சிப்பாய்களைக் கண்டிருக்கவே மாட்டாள். வேறு வேறு நாளில் எடுத்ததை யாரோ ஒட்டியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாதா? சண்டைக் காலத்தில் இயக்கத்தின் வீடியோப் பிரிவில் ஆறு வருடம் நான் செய்த வேலை இதுதான்.
ஒட்டியது என்று தெரிந்தும் அழுதேன். எழும்பி அந்த ஆட்களோடு போய் நிற்கவேண்டும் போல இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.
"எப்பிடி அக்கா படம்?" என்று தேனுகா கேட்டாள்.
"நல்லா வெட்டியிருக்கினம்" என்றேன்.

யூன் 9, ஞாயிறு
துவைத்தேன், சமைத்தேன். மீனம்மாவை நினைக்கக்கூடாது என்று இருந்தேன். நாள் முழுக்க அவாதான்.

யூன் 12, புதன்
எழுதிவிடுகிறேன்.
2007. ஜெயபுரத்தில் எடுத்த ஒரு கசெற் எடிற்றிங்குக்கு வந்தது. மீனம்மா என்ற அம்மா முற்றத்தில் செத்தல் மிளகாய் வறுக்கிறா. காரம் ஏறிக் கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. பின்னால் அவாவின் மகன் வாளியோடு வருகிறான். கமெராவைப் பார்க்கிறான், சிரிக்கத் தொடங்குகிறான்.
எனக்கு ஒரு செத்தவீட்டுக் காட்சிக்கு அழுகிற தாய் தேவைப்பட்டது. ஒரு பிள்ளையின் சவப்பெட்டியைக் காட்டி, அடுத்ததாக மீனம்மாவின் முகத்தை வைத்தேன். மகன் சிரிக்கத் தொடங்கின இடத்தில் வெட்டினேன்.
அந்தப் படத்தை ஊர் ஊராகப் போட்டார்கள். பார்த்துவிட்டு எத்தனை பிள்ளைகள் எழும்பி இயக்கத்துக்குப் போனார்களோ. அவனும் போனானோ? ஏன் நான் இதை ஒருக்காலும் விசாரிக்கேல்லை?

யூன் 15, சனி
இன்று பிரெஞ்சுப் படம், அதுவும் அந்தக் காலத்தது. ஒருவன் அலுமாரியைத் திறக்கிறான், உள்ளே கடல். கடலுக்குள் கதிரை போட்டு ஒருத்தி தேத்தண்ணி குடிக்கிறாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2009 மாசியில், சண்டைக்குப் பயந்து ஓடும்போது, உடையார்கட்டில் வயலுக்கு நடுவில் ஒரு கண்ணாடி அலுமாரி நின்றது. கண்ணாடி உடையவில்லை. அதில் முகம் பார்த்துத் தலையைச் சீவி இழுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு நடந்தேன்.
இதைத் தேனுகாவிடம் சொன்னேன். "ஒருத்தருக்கும் விளங்காத படம் எண்டு நினைச்சுத்தான் போட்டனான் அக்கா. உங்களுக்கு விளங்கியிருக்கு" என்றாள்.
முதல் படம் என்னை அழு என்றது. இது ஒன்றும் சொல்லாமல் என்னை என்பாட்டில் விட்டது. வீட்டுக்கு வரும்போது முடிவெடுத்துவிட்டேன். ஜெயபுரம் போய் மீனம்மாவிடம் சொல்லவேண்டும்.

யூன் 23, ஞாயிறு
போனேன்.
கடையில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். மீனம்மாவுக்கு அறுபது இருக்கும். கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தா. பெயரைச் சொல்லி, நான் யார், என்ன செய்தேன் என்று நின்றபடியே சொன்னேன். இருந்து சொல்ல மனம் வரவில்லை.
"அந்தப் படத்த நம்ம ஸ்கூல்ல போட்டாங்க" என்றா மீனம்மா. மலையகத்திலிருந்து வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் பேச்சு மாறவில்லை. "மொளகாக் காரத்துக்கு அழுததுன்னு எம் மகன் சதீஸ் எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சான். யாரும் நம்பல."
"அந்தப் படத்தாலயோ அம்மா அவர் போனவர்?"
"அடுத்த வருசந்தான் போனான். எதனாலன்னு எனக்குத் தெரியாது புள்ள. நீயும் தெரிஞ்ச மாதிரி பேசாத." கச்சான் கோதைத் தட்டிவிட்டா. "திரும்பி வரல. ஒரு போட்டோ கூட இல்ல. ஓடுனதுல எல்லாம் போச்சு. அந்தப் படம் இருக்கா ஒன்கிட்ட? அதுல எம் பின்னால நிப்பானே."
இல்லை. ஒன்றுமே இல்லை. கசெற்றெல்லாம் எரிந்துவிட்டது.
நான் அழத் தொடங்கிவிட்டேன். அவாதான் தண்ணீர் கொண்டுவந்து தந்தா. கோபமா என்று கேட்டேன். "அப்ப கோவம். இப்ப நீ வந்திருக்க" என்றா.

யூன் 29, சனி
இன்று படத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை. அந்தக் கசெற்றையே மனதில் ஓட்டிக்கொண்டிருந்தேன். வெட்டுவதற்காக முப்பது தடவையாவது முன்னும் பின்னும் ஓட்டியிருப்பேன். படத்தில் வராததும் எனக்கு மனப்பாடம்.

யூலை 7, ஞாயிறு
திரும்பவும் ஜெயபுரம். மீனம்மாவின் மகள் ராஜினியும் இருந்தாள். அப்போது அவளுக்கு இரண்டு வயது, அண்ணனின் முகம் ஞாபகமில்லை.
சொன்னேன். கசெற்றில் கண்ட சதீஸை. கோடுபோட்ட சேட். முழங்கால்வரை மடித்த சாரம். நெற்றியில் தண்ணீர் தெறித்திருக்கிறது. இடக்கையில் வாளி.
"ஆமா" என்றா மீனம்மா. "எதுக்கும் அந்தக் கையத்தான் நீட்டுவான்."
கமெராவைக் காண்கிறான். வாளியை வைக்கிறான். பிறகு நான் வெட்டின துண்டு: குனிந்து தாயின் காதில் ஏதோ சொல்லுகிறான். தாய் அகப்பையை ஓங்குகிறா. அவன் இரண்டடி ஓடி, திரும்பி நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். மேல்பல் ஒன்று கொஞ்சம் உள்ளுக்கு.
ராஜினி தன் பல்லை நாக்கால் தடவினாள்.
"காதுல என்ன சொன்னார் அம்மா?" என்று கேட்டேன்.
மீனம்மா யோசித்தா. அடுப்பில் உலை கொதித்து மூடியைத் தள்ளியது, எவரும் எழும்பவில்லை.
"தெரியலயே" என்றா. "புள்ள, நீ இன்னொரு வாட்டி சொல்லு பாப்போம்."