பேருந்தின் பின்னால் ஊற்றிய தண்ணீர்

என் கண்ணே,

உங்கள் கால்பந்து அணி முதல் பிரிவுக்கு உயர்ந்துவிட்டதாம். நீ செவிலியர் படிப்பு படிப்பதாக நம்பும் அப்பா, இனி உன்னைத் தொலைக்காட்சியில் பார்ப்பார்.

போன வாரம் உங்கள் பேருந்து நம் தெரு வழியே அங்காராவுக்குப் போனபோது, ஊருக்குப் போகிறவர் பத்திரமாகத் திரும்பி வரட்டும் என்று ஊற்றும் நம் வழக்கப்படி, பின்னாலேயே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டேன். எதிர்வீட்டு நெர்மின் பார்த்துவிட்டாள். "என்னக்கா, பந்து விளையாடுற பொண்ணுங்க பத்திரமா திரும்பணும்னு உனக்கென்ன அக்கறை?" என்று சிரித்தாள்.

அது அப்பாவின் காதுக்கும் போயிற்று.

"யாருக்குடி தண்ணி ஊத்துன?"

"படி கழுவுனேங்க."

"சரி. ஞாயித்துக்கிழமை டிவில பாத்துக்கறேன்."

மறுநாளே உன் பழைய அறைக்குப் புதுப் பூட்டு வாங்கி வந்திருக்கிறார்.

இனி உங்கள் பேருந்து போனால் தண்ணீர் ஊற்ற மாட்டேன். நீ திரும்பி வந்துவிடாதே.

உன் அம்மா