உங்கள் விளையாட்டில் ஓரமாக நிற்பவள்

அக்கா,

நேற்று மதியம் உங்கள் கம்ப்யூட்டர் வீட்டுக்குத் திரும்பி வந்தது. போன வருஷம் அதைக் கேட்டு வாங்கிப்போன புதுச்சேரிப் பையன்கள் சொன்ன சொல் தவறாமல், போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க பிளக்கைச் செருகினேன். கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை வந்துவிட்டது, சூடேறிய பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த வாசனை. ஒரு காலத்தில் உங்கள் புடவையிலேயே அது அடிக்கும். மருமகள் மேல் தாளிப்பு வாசனை வராமல் இது என்ன கண்ணராவி என்று மாமியார் முணுமுணுப்பார். சுவிட்சை அணைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்து அழுதேன்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த உங்கள் வீட்டுக்காரர் லீவில் வரும்போதெல்லாம் சென்ட்டு, சாக்லேட், சோப்பு என்று கொண்டுவருவார். ஒரு தடவை டிவியில் மாட்டுகிற இந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். யாருக்காக வாங்கினோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அடுத்த வருஷம் உங்களையும் அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்த அடுத்த வருஷம் கடைசிவரை வரவில்லை. விழிதியூர் வீட்டில் கம்ப்யூட்டரும் நீங்களும் மிச்சம். காரைக்காலில் படித்தபோது கற்ற பிரெஞ்சை வைத்துக்கொண்டு, கூட வந்த புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தீர்கள்.

நான் அந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தபோது நீங்கள் அதில் கோடு போடவும் வட்டம் போடவும் கற்றிருந்தீர்கள். பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் இருவரும் அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுவோம். நீங்கள் பென்சிலால் எழுதி வைத்ததை நான் வாசிப்பேன், நீங்கள் தட்டுவீர்கள். ஓரகத்திகள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் சொத்துப் பிரிக்கத்தான் பேசுகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் முடிவே கட்டிவிட்டார்கள். பாதியில் கரண்ட் போனால் அடித்ததெல்லாம் போச்சு. நான் தலையில் கை வைத்துக்கொள்வேன். நீங்கள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "விடு, நாளைக்கு இதைவிட நல்லா வரும்" என்று சொல்லிவிட்டு உளுந்து ஊறப்போடப் போய்விடுவீர்கள்.

அதில் எழுத்துகள் பிரெஞ்சுக்காரர் பழக்கத்துக்கு அமைந்திருந்தன. அதிலேயே பழகிய எனக்குப் பிற்பாடு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை கிடைத்து, அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது, ஏ அடிக்கப் போய் க்யூ விழுந்தது. ஹெட்மாஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அன்று நீங்கள் சிரித்த சிரிப்பில் காபி சிந்திப் போயிற்று.

நான் வந்த வருஷம் ஆனிப் பௌர்ணமிக்கு மாங்கனித் திருவிழா பார்க்க காரைக்கால் போனோம். சாமி வீதியில் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். மடியில் விழுந்த பழத்தைச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்று வருகிற கூட்டம் அது. நீங்கள் பல வருஷமாக முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றவர். நான் சும்மா வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் நின்றேன். ஒரு பழம் உங்களைத் தாண்டி என் மடியில் வந்து விழுந்தது. நான் கேட்கவே இல்லை அக்கா. உங்களிடம் நீட்டினேன். என் கையை மடக்கிவிட்டீர்கள். "உன் மடியில விழுந்தது உனக்குத்தான். சாப்பிடு." குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

அந்த வருஷ மழைக்காலத்தில் நான் வாந்தி எடுத்துக்கொண்டு படுத்துக் கிடந்தபோதுதான் நீங்கள் அந்த விளையாட்டை எழுதினீர்கள். மேலே மாடி, கீழே முந்தானை ஏந்திய ஒரு பெண். விழுகிற பழங்களைப் பிடிக்க அவள் இப்படியும் அப்படியும் ஓட வேண்டும். தவறவிட்டால் ஒரு உயிர் போகும். வலது ஓரத்தில் இன்னொருத்தி அசையாமல் நின்றாள். யார் இவள் என்று கேட்டேன். திருவிழா என்றால் பக்கத்தில் ஆள் நிற்காதா என்றீர்கள். எனக்கு விரல் வேகம் போதாது. நாலைந்து பழத்திலேயே செத்துப்போவேன். கடைசிவரை ஆடத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

மகன் பிறந்தான். பெற்றதுதான் நான். ஊட்டியதும் குளிப்பாட்டியதும் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போனதும் நீங்கள். அந்தக் கம்ப்யூட்டர் பரணுக்குப் போயிற்று.

இதெல்லாம் வரலாறு என்று யார் கண்டது? அந்தக் காலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரில் விளையாட்டு எழுதியவர்களைத் தேடிப்பிடித்துப் பேட்டி எடுக்கிற அந்தப் பையன்கள் போன வருஷம் வந்தார்கள். உங்கள் வீட்டுக்காரர் அந்த மாம்பழ விளையாட்டைக் கேசட்டில் பதிந்து கொண்டுபோய்ப் பட்டாளத்து நண்பர்களுக்குக் கொடுத்திருந்தாராம். பிரான்சில் ஒருவரிடம் அது பத்திரமாக இருந்திருக்கிறது. எழுதியவர் அவர்தான் என்று நினைத்துக் காலமானவரைத் தேடி வந்தார்கள். "அவருக்கு அதை ஆன் பண்ணவே தெரியாது தம்பி" என்றீர்கள். பையன்கள் முகம் போன போக்கைப் பார்த்து நான் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தேன்.

மைக்கைப் புடவையில் குத்திக்கொண்டு நீங்கள் பேசியதை வாசற்படியில் உட்கார்ந்து கேட்டேன். மணியாகப் பேசினீர்கள். பிறகு ஒரு பையன் கேட்டான். ரொம்ப நேரம் ஆடினால் மட்டும் ஒரு பெரிய பழம் வருகிறது, அது எப்போதும் ஓரத்தில் நிற்பவள் மடியிலேயே விழுகிறது, எவ்வளவு வேகமாக ஓடினாலும் பிடிக்க முடியவில்லை, அது தப்பா என்று.

"தப்புதான் தம்பி. அப்ப எங்களுக்கு என்ன தெரியும்?" என்றீர்கள். என் பக்கம் திரும்பாமலே எல்லாருக்கும் காபி போடச் சொன்னீர்கள்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். ஓரத்தில் நிற்பவள் நான்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனசில் இதை வைத்துக்கொண்டா இத்தனை காலம் என் பிள்ளைக்குச் சோறு ஊட்டினீர்கள் என்று நினைத்தேன். கேட்காமலே காபியைக் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தேன். அடுத்து வந்த தை மாதமே நெஞ்சு வலி என்று படுத்தீர்கள், எழுந்திருக்கவில்லை. கொள்ளி வைத்தவன் நம் மகன்தான். சுடுகாட்டிலிருந்து வந்து, "பெரியம்மா இல்லாம இந்த வீட்டுல எப்படிம்மா இருக்கறது?" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். எனக்கு அந்தப் பழம்தான் கண்ணில் நின்றது. என்ன பெண் நான் என்று என் மேலேயே வெறுப்பு வந்தது.

போன வாரம் அந்தப் பையன் போன் செய்தான். உங்கள் பேட்டியையும் விளையாட்டையும் இணையத்தில் வைக்கப்போகிறார்களாம். நீங்களே தப்பென்று சொன்னதை உங்கள் நினைவாகத் திருத்திவைக்கலாமா என்று அவர்களுக்குள் பேச்சு. திருத்தினால் அந்தப் பழத்தைப் பிடித்துவிடலாம். நான் சொல்வதுதான் முடிவு என்றான். சரி, திருத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். விளையாட்டிலாவது உங்கள் மடியில் விழட்டுமே என்றுதான்.

அவன் தொடர்ந்தான். "அதோட இன்னொரு தப்பும் இருக்கும்மா. மத்த பழத்தை விட்டா உயிர் போவுது. இது அந்தப் பொம்பளை மடியில விழுந்தா உயிர் போவல, நமக்குப் புள்ளி கூடுது. நாம பிடிக்கிற பழத்தைவிட ஜாஸ்தியா கூடுது. அதையும் சேத்து சரி பண்ணிடலாங்களா?"

அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவன் நிதானமாகத் திருப்பிச் சொன்னான்.

"ரெண்டும் தப்பு இல்ல தம்பி. அவங்க எழுதுனபடியே இருக்கட்டும்" என்றேன்.

காரணம் கேட்டான். வேறொரு நாள் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டேன். நீங்கள் உயிரோடு தப்பென்று சொன்னதை நீங்கள் போனபிறகு நான் இல்லையென்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வலிக்கவே இல்லை என்று நினைத்துக்கொள்ள நான் முட்டாள் இல்லை. வலித்தவர்தான் ஒரு பழத்தை அப்படிக் கைக்கெட்டாமல் விழவைக்க முடியும். ஆனால் அது விழுந்ததற்குப் புள்ளியும் போட்டு வைத்திருக்கிறீர்களே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அன்றைக்குப் பழம் என் மடியில் விழுந்த நிமிஷம் நான் உங்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பயந்துபோய்க் குனிந்தபடியே பழத்தை நீட்டினேன். உங்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நானாக ஒரு கசந்த முகத்தை நினைத்துக்கொண்டு, அதோடுதான் இத்தனை வருஷமும் உங்கள் பக்கத்தில் நின்று சமைத்தேன்.

நீங்கள் சிரித்திருக்கிறீர்கள் அக்கா. நான்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.