சதுப்பு நிலத்துச் சனிக்கிழமைகள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் வீட்டில்தான். ஆறு கிழமை ஆகிவிட்டது. மனநல ஆலோசகர் எழுதச் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரு வரி என்றாலும் போதுமாம்.

ஒரு வரி: பின்வளவில் தேசிக்காய் மரத்துக்கும் உடுப்புக் கொடிக்கும் நடுவே ஒரு பெரிய சிலந்தி வலை கட்டியிருக்கிறது. மனைவி நிரூபா அதைக் கலைக்காமல் குனிந்து போய் உடுப்புக் காயப்போடுகிறாள்.

மார்ச் 5, புதன்

சிலந்தி இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

நடந்ததை எழுதினீர்களா என்று ஆலோசகர் கேட்டார். இல்லை. சரி, எழுதுகிறேன்.

ஜனவரி 21, காலை பத்தேகால். என் பஸ் தரிப்பிடத்தை விட்டு வெளிக்கிட்டு ஐம்பது மீற்றர்கூட இருக்காது. நிறுத்தியிருந்த வானுக்குப் பின்னாலிருந்து ஒரு வயதானவர் ஓடிவந்தார். எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைப் பிடிக்க ஓடினாராம். கையில் பாண் பை. பிரேக் அடித்தேன். தூரம் போதவில்லை. ஆள் தப்பவில்லை. எண்பத்தொரு வயது.

கமராவைப் பார்த்துவிட்டு, பிழை உங்களுடையது இல்லை என்று பொலிஸ் சொன்னது. டிப்போவிலும் அதையே சொன்னார்கள். நானும் ஓம் என்றேன். பதினாறு வருடம் பஸ் ஓட்டியவன் நான். அழவில்லை. பசித்தால் சாப்பிடுகிறேன். சவரம் செய்கிறேன்.

எழுதியாயிற்று. ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 7, வெள்ளி

மகள் ராகவி ஒரு உதவி கேட்டாள். யூனி முதல் வருடம், ஏதோ அசைன்மென்ட். ஒலிம்பிக் பார்க் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் சனிக்கிழமைதோறும் பறவை எண்ண வேண்டுமாம். அவளிடம் கார் பழகுகிற எல் பலகை மட்டும்தான் இருக்கிறது. பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஆள் இருக்க வேண்டும். சனிக்கிழமை நிரூபாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை.

"ரெயினில போகலாமே?"

"போகலாம்," என்றாள். பிறகும் நின்றுகொண்டே இருந்தாள்.

மார்ச் 8, சனி

போனோம். வீட்டிலிருந்து நாற்பது நிமிடம். நான் இடப்பக்கம். ஒவ்வொரு சந்தியிலும் என் வலது கால் வெறும் தரையை அமத்தியது. அவள் கண்டாள். நல்லாத்தான் ஓட்டுகிறாள். கொஞ்சம் மெதுவு.

பார்வை மாடத்தில் இருக்க மூன்று வாங்குகள். முன்னால் ஆழமில்லாத தண்ணீர், சேறு, அப்பால் கண்டல் மரங்கள். சேற்றில் கோழி அளவில் சாம்பல் நிறப் பறவைகள். சொண்டு மட்டும் நீளம், நுனி லேசாக மேல்நோக்கி வளைந்தது. கொட்விட் என்றாள். வெயில்காலத்தை இங்கே கழித்துவிட்டு, குளிர் வரமுதல் அலாஸ்காவுக்குத் திரும்புமாம். வழியில் சீனக் கரையில் ஒருதரம் இறங்கும். அதுவரைக்கும் ஒரு கிழமை இரவு பகலாகப் பறப்பு.

"வடிவா இருக்கு, என்னப்பா?"

ஓம் என்றேன். வடிவு என்று தெரிந்தது, கடைப்பலகை ஒன்றை வாசித்தால் தெரிவதுபோல.

நாற்பத்து மூன்று.

மார்ச் 11, செவ்வாய்

மழை. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 15, சனி

எண்ணுகிற கருவியை ராகவி என் கையில் தந்தாள். ஒரு பறவைக்கு ஒருதரம் அமத்த வேண்டும். அவள் மற்றவற்றைப் பார்த்தாள் - தாரா, நெடுங்கால் உள்ளான், இன்னும் ஏதேதோ.

போன கிழமை சாம்பலாக இருந்தவற்றில் சிலதின் நெஞ்சு செங்கல் நிறமாகியிருக்கிறது. ஊர் திரும்பும் நிறம் என்றாள். ஒன்றும் தலை நிமிர்த்துவதில்லை. சொண்டை முழுக்கச் சேற்றுக்குள் விட்டு, எடுத்து, விழுங்கி, திரும்ப விடுகுதுகள். பறப்புக்கு முன் எடை இரண்டு மடங்காக வேண்டுமாம்.

அறுபத்தொன்று. இரண்டுதரம் எண்ணிச் சரிபார்த்தேன்.

வரும் வழியில்தான் உறைத்தது. ஒரு மணித்தியாலம் நான் அவரை நினைக்கவே இல்லை. எப்படி? என்ன மனுசன் நான்?

மார்ச் 18, செவ்வாய்

டிப்போ முகாமையாளர் ஃபோன் எடுத்தார். ஏப்ரலில் வரலாமா என்று கேட்டார். ஓம் என்றேன். வைத்த பிறகு யோசித்தேன். ஏன் ஓம் என்றேன்? யார் என்ன கேட்டாலும் இப்போது ஓம்தான் வருகிறது.

மார்ச் 22, சனி

எழுத்து வரியில் நிற்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பதினொரு மணிபோல. நல்ல வெயில், காற்றில்லை. ஐம்பத்தெட்டு வரை எண்ணியிருந்தேன். திடீரென்று முழுச் சதுப்பும் எழும்பியது. ஒரே சத்தம். தலைக்கு மேலே பெரிய வெள்ளை வயிற்றுக் கழுகொன்று, அவசரமே இல்லாமல் வந்தது. சின்னதுகள் நாலாபக்கமும் சிதறின. ஒன்று மட்டும் பிந்திவிட்டது. தண்ணீரை உரசி ஓடி ஓடி, கழுகு வந்த பக்கமே போனது.

"ஓடாதைங்கோ! ஐயா, ஓடாதைங்கோ!"

கத்தியது நான்தான். எழும்பி நிற்கிறேன். கமராவோடு இருந்த வெள்ளைக்காரக் கிழவர் திரும்பிப் பார்க்கிறார். கழுகு ஒன்றையும் பிடிக்காமல் கண்டல் மரங்களுக்கு மேலால் போய்விட்டது. பிந்தியதும் பறந்து மற்றவற்றோடு சேர்ந்தது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் திரும்ப இறங்கி, திரும்பச் சேற்றைக் கிளறத் தொடங்கின.

நான் இறங்கவில்லை. என்ன எழுதுகிறேன்? நிலத்தில் கால் இருக்கிற மாதிரியே இல்லை.

ராகவி கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிவந்தாள். அங்கே வந்தது அழுகை. நாய் ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம், என்னிடமிருந்து. பிள்ளைக்கு முன்னால். நிற்பாட்ட ஏலேல்லை. "அவர் என்னைப் பார்த்தவர், பிள்ளை. கண்ணாடிக்குள்ளால என்னைப் பார்த்தவர்." இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. பொலிசுக்கும் இல்லை.

அவள் கார்ச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். "வீ ஹாவ் ஆல் டே, அப்பா," என்றாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

மார்ச் 23, ஞாயிறு

உடம்பெல்லாம் உளைவு. கறி உறைத்தது. நிரூபா எப்போதும் போடுகிற தூள்தானாம்.

மார்ச் 26, புதன்

முகாமையாளருக்கு நானே ஃபோன் எடுத்தேன். இனி பஸ் ஓட்ட மாட்டேன் என்றேன். குரல் உடையவில்லை. கழுவுகிற இடத்திலோ நேர அட்டவணை போடுகிற அறையிலோ ஏதும் இருந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் வேறு பார்க்கிறேன் என்றேன். "கேட்டுப் பார்க்கிறேன், யோகா," என்றார் அவர்.

நிரூபாவுக்குச் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்தாள்.

"உண்மையாவோ?"

"ஓம்." இந்த ஓம் நான் நினைத்துச் சொன்னது.

மார்ச் 29, சனி

பதினொன்று. மற்றவை போய்விட்டன. வியாழக்கிழமை பின்னேரம், தெற்குக் காற்று எழும்பியதும் கூட்டமாக உயர்ந்து போனதாகக் கமராக் கிழவர் சொன்னார். அன்றைய சத்தத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஃபிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

அகப்பைச் சொண்டுக்காரர் இருவர் வந்தார்கள், வெள்ளைக் கரண்டிவாயன்கள். தண்ணீருக்குள் சொண்டை இடம் வலமாக ஆட்டி, கூட்டிப் பெருக்குகிற மாதிரி நடந்தார்கள். ஒருவர் மற்றவருடைய காலையும் சேர்த்துக் கூட்டிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ராகவி எழுதுவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோடை நேரம் முடிந்து மணிக்கூடு பின்னுக்குப் போன நாள், ஒரு மணித்தியாலம் கூட. நேற்று மழையென்று இன்றைக்குப் போனோம். நிரூபாவுக்கு லீவு, அவளையும் கூட்டிப்போனோம்.

வெயில் இளஞ்சூடாக இருந்தது. கண்டல் பக்கமிருந்து உப்பு வாசம். நிரூபாவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன். அது நெடுங்கால் உள்ளான், இது சிறகி. மூன்றாவதுக்குப் பதில் இல்லை. என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள், வாய் கொஞ்சம் திறந்தபடி.

ராகவி கிட்ட வந்து குசுகுசுத்தாள். "ஜனவரியில இருந்து அம்மா ஒழுங்காப் படுக்கேல்லை, அப்பா. நீங்கள் புரண்டாலே எழும்பி இருந்து பார்ப்பா."

எனக்குத் தெரியாது. பக்கத்தில்தானே படுக்கிறேன்.

எண்ணி முடித்து, போவமா என்று ராகவி சைகை காட்டினாள். கையை உயர்த்தி, பொறு என்றேன். தோள் நோகத் தொடங்கியது. அசையவில்லை.