எட்டுப் பேர் என்று வாசித்தார்கள்

சூரியநெல்லி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ஜெகனுக்கு அம்மா எழுதுவது. எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் முழுச் சுகம் இல்லை. நீயாவது அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இரு. போனில் பேசினால் உன் தங்கச்சி யோகப்பிரியா பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால் லீவு முடிந்து துபாய் திரும்பும் சுஜின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்த வீட்டுக் கத்தரீனாள் மகள் ஜெஸ்னாவுக்கும் நம்ம யோகப்பிரியா மாதிரியே வலிப்பு வந்ததே, இப்போது மறுபடி ரிசார்ட் வேலைக்குப் போகிறாள். காலையில் பவுடர் பூசிக்கொண்டு அவள் ஜீப்பில் ஏறும்போது எனக்கு வயிறு எரிகிறது, மறைக்க என்ன இருக்கிறது. நம்ம பிள்ளை அடுப்புப் பக்கம்கூடப் போகாமல் கையில் இரும்புச் சாவியோடு உட்கார்ந்திருக்கிறாள். ஐப்பசியில் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்காரர்கள் லயம் லயமாக, வீடு வீடாக வந்து யாருக்கு வலிப்பு என்று கணக்கெடுத்தபோது கத்தரீனாள் வாசலில் நின்றே எல்லாம் சொன்னாள். நானோ, உன் கல்யாணப் பேச்சு நடக்கிறதே என்று பிள்ளையை அடுக்களையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை என்றேன். ஜெஸ்னாவுக்கு ஸ்கேனில் பார்த்தால் தலைக்குள் நாடாப்புழுக் கட்டியாம், மாத்திரையிலேயே சரியாகிவிட்டதாம். கிறிஸ்துமஸுக்குப் பன்றிக்கறி தின்கிற வீடு, அது அவர்கள் சீக்கு என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட எனக்கு.

அந்தக் கணக்கைச் சொல்லப் புதன்கிழமை கூட்டிய கூட்டத்தில் டாக்டரம்மா அந்தச் சந்தோஷத்தையும் பிடுங்கிவிட்டார். புழு முட்டை கழுவாத கையிலும் ஓடைத் தண்ணீரிலும் பச்சைக் காய்கறியிலும் வருமாம், கறியே தொடாதவருக்கும் வருமாம். நம்ம டிவிஷனில் நூற்று நாற்பது வீட்டில் வலிப்பு உள்ளவர்கள் எட்டுப் பேர், அதில் ஐந்து பேருக்குப் புழுக்கட்டி என்று வாசித்தார். ஒன்பது என்று எனக்கும் கத்தரீனாளுக்கும்தான் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். வெளியே வந்த பிறகுதான், ஏட்டி மூக்கம்மா, இன்னும் எத்தன நாளைக்கு அந்தப் புள்ளய பூட்டி வைப்ப என்றாள். ஒன் சோலியப் பாரு என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் நம்ம பிள்ளை கேட்கிறாள், ஜெஸ்னா ஜீப்புல இன்னொரு ஆளுக்கு எடம் இருக்குமாம்மா என்று.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போய் அவள் பெயரையும் எழுதச் சொல்லிவிட்டேன். நாளைக்குத் தேனிக்கு ஸ்கேனுக்குப் போகிறோம். கத்தரீனாளும் கூட வருகிறாளாம், எனக்குப் பிடிக்கவில்லை, வரட்டும். பெண் வீட்டாரிடம் நீயே சொல்லிவிடு, ஒதுங்குவதென்றால் ஒதுங்கட்டும். காய்கறியை நன்றாகக் கழுவிச் சமை, மறந்துவிடாதே. மகராசனாய் இரு. ஜெஸ்னா தலையில் இருந்த அதே புழுதான் நம்ம பிள்ளை தலையிலும் இருக்கவேண்டும் என்று எந்தத் தாயாவது வேண்டிக்கொள்வாளா? நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா,
மூக்கம்மாள்