ஹுன்னஸ்கிரியவில் எங்கள் பூட்டு

11 நவம்பர் 1997, செவ்வாய்

இன்றைக்கும் ஏச்சுத்தான். தெல்தெனியாவிலிருந்து ஒரு முதலாளி. "போன் கம்பனி நடத்துறீங்களா, தேங்கா யாவாரம் பண்றீங்களா?" என்று கேட்டார். முறைப்பாட்டு மேசையில் இருக்கிறவளுக்குக் காது மட்டும் போதும், வாய் தேவையில்லை என்பது ஹில்கோல் கொம்பனியின் எண்ணம். "மன்னிக்க வேணும் ஐயா, பார்த்துக்கொண்டிருக்கிறம்" என்று குழைந்துவிட்டு, போனை வைத்த பிறகு சுவரைப் பார்த்துத் திட்டித் தீர்த்தேன். பிறகு டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். டெக்னீஷியன் வேறு யார், என் வீட்டு மனுஷன்தான். கண்டிக் கிளையில் எனக்குப் போன், அவருக்கு டவர்.

பேப்பரில் ஒரு செய்தி பார்த்துச் சிரிப்பு வந்தது. போட்டிப் போன் கொம்பனி நோவாலைன்காரர் எங்கள் கொம்பனி மேல் வழக்குப் போட்டிருக்கிறார்களாம். கொழும்பில் பெரியவர்கள் இப்படிக் குடுமியைப் பிடித்துக்கொண்டிருக்க, இங்கே ஹுன்னஸ்கிரிய மலையில் எங்கள் டிஷ் அவர்களுடைய டவரில் தொங்குகிறது! சண்டைக் காலத்தில் புது டவர் கட்டப் பாதுகாப்பு அமைச்சு அனுமதி தராது. டவர் இல்லாவிட்டால் மஹியங்கனைப் பக்கத்துக்கு எங்களுக்கு லைனே கிடையாது. நோவாலைனின் கண்டி எஞ்சினியர் விவேகானந்தன் அண்ணைதான், "ஒரு டிஷ்தானே மச்சான், கொழுவு" என்று இவரிடம் சொன்னவர். பதிலுக்கு அவர்களின் நாவலப்பிட்டிக் கோல்கள் எங்கள் கம்பளை டவரால் வருகின்றன. எழுத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. அவர்களின் கொழும்புக்கு இது தெரியாது. எங்கள் மனேஜர் ரணவீரவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்.

23 நவம்பர், ஞாயிறு

விவேகானந்தன் அண்ணையும் அவர் பெண்சாதி லீலா அக்காவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். கோழிக்கறியில் உப்புக் கூடிவிட்டது. ஒருவரும் சொல்லவில்லை, எல்லோரும் தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தார்கள்.

எங்கள் மகள் மைதிலி அப்பாவின் பைக்குள் கிடந்த ஆமைப்பூட்டுகளை எடுத்து விளையாடினாள். ஒரு கேற்றுக்கு எதற்கு இரண்டு பூட்டு என்று கேட்டாள். இவர் சங்கிலியை மேசையில் போட்டுக் காட்டினார். சங்கிலியின் ஒரு நுனியில் எங்கள் பூட்டு, மறு நுனியில் நோவாலைன் பூட்டு. இரண்டு பூட்டும் ஒன்றையொன்று கொழுவிக்கொண்டிருக்கும். எதைத் திறந்தாலும் சங்கிலி அவிழும், கேற் திறக்கும். ஒருவரின் திறப்பு மற்றவருக்குத் தேவையில்லை. ஆனால் திரும்பப் பூட்டுகிறவர் மற்றப் பூட்டுக்குள்ளால்தான் கொழுவ வேண்டும். நேரே சங்கிலியின் இரண்டு நுனியையும் சேர்த்துப் பூட்டினால் மற்றவரின் பூட்டு சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்க வேண்டியதுதான்.

"அப்பிடி ஆரும் செய்தால் அந்த மழைக்குள்ள ஏறி வாறவன் தாய் தேப்பனை இழுத்துத்தான் ஏசுவான்" என்று விவேகானந்தன் அண்ணை சொல்ல எல்லோரும் சிரித்தோம்.

30 டிசம்பர்

லைன் ஒழுங்கு. ஏச்சு இல்லை. நம்ப முடியாத நாள்.

25 ஜனவரி 1998, ஞாயிறு

விடியப்புறம் யன்னல் கண்ணாடி கொட்டியது. லொறி மோதிவிட்டது என்று நினைத்தேன். தலதா மாளிகையில் குண்டு. சனம் செத்திருக்கிறது. கும்பிடப் போகிற இடத்தில் கொண்டுபோய் வைக்க எப்படி மனம் வந்தது, பாவிகளே.

அழுதுகொண்டே நெற்றிப் பொட்டை அழித்தேன். பிறகுதான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். மைதிலியிடம் தமிழில் கத்திக் கதைக்காதே என்றேன். வெளியே யாரோ கூட்டமாகக் கத்திக்கொண்டு போனார்கள். இவர் கதவுக்குப் பின்னால் அலுமாரியை இழுத்து வைத்தார்.

27 ஜனவரி, செவ்வாய்

நேற்றிலிருந்து மஹியங்கனைப் பக்கம் முழுக்க லைன் இல்லை. ரணவீர காலையிலேயே இவருக்குப் போன் எடுத்தார்.

"போகாதேங்கோப்பா. இண்டைக்கு எந்தத் தமிழன் மலையில ஏறுவான்?" என்றேன்.

"அங்க ஆஸ்பத்திரியும் எங்கட லைனிலதான் சரோ. டிஷ் திரும்பியிருக்கும். நேராக்கியிட்டு விளக்கு வைக்க முதல் வந்திடுவன்."

டிஷ்ஷைத் திருப்பத் திசைகாட்டியும் வரைபடமும் வேண்டும். பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

விளக்கு வைத்து வெகுநேரம் ஆயிற்று. பிறகு போன். டவர் காவல்காரன் பெரியதம்பி, தோட்டத்துக் கடையிலிருந்து. "அம்மா, ஐயாவ பொலிஸ் ஜீப்புல ஏத்திக்கிட்டு போய்ட்டாங்கம்மா. பையில இருந்த மேப்பு, தெச காட்டுற பொட்டி எல்லாத்தையும் வெளிய வச்சுப் படம் புடிச்சாங்க. நான் ஒண்ணும் பேசலம்மா, எனக்குப் பயமா இருந்திச்சு."

மைதிலிக்கு அப்பா வேலையில் நிற்கிறார் என்று சொன்னேன்.

28 ஜனவரி

பயங்கரவாதத் தடைச் சட்டமாம். என்ர மனுசன் பயங்கரவாதி! கரப்பான் பூச்சியைக்கூட அடிக்காமல் கடதாசியில் ஏந்தி வெளியே விடுகிறவர்.

வரைபடத்தில் ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டிக்குப் பென்சில் கோடு. டிஷ் பார்க்க வேண்டிய திசை அது. கண்டியை எதற்குக் குறி பார்த்தாய் என்கிறார்கள். அதற்கு மேல், அது அடுத்த கொம்பனியின் டவர். நோவாலைனின் கொழும்புக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வேலிக்குள் வேறு கொம்பனிக்காரன் எவனுக்கும் வேலை இல்லை என்று பதில் வந்ததாம்.

பொலிஸுக்குப் போனேன், அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். நோவாலைனிலிருந்து பொறுப்பான ஒருவர் வந்து, இவர் எங்கள் சம்மதத்தோடு வந்தவர் என்று சொன்னால் யோசிக்கலாம் என்றார். அவ்வளவுதானே? விவேகானந்தன் அண்ணை இருக்கிறார். மனம் கொஞ்சம் ஆறியது. அவர் வீட்டுப் போனை ஒருவரும் எடுக்கவில்லை. வெளியே போயிருப்பார்கள்.

30 ஜனவரி

இவரை ஐந்து நிமிடம் காட்டினார்கள். உதடு வீங்கியிருந்தது. வலது கையை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தார்.

சொன்னது பூட்டைப் பற்றி மட்டும். நேற்று அவரை மறுபடி மலைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். "களவாய் உள்ள பூரேல்லை, எங்கட பூட்டும் அந்தச் சங்கிலியில இருக்கு, சம்மதமில்லாமல் அப்பிடிக் கொழுவ ஏலாது எண்டு சொன்னனான் சரோ. அப்ப திறந்து காட்டு எண்டாங்கள். திறப்பைப் போட்டன். பூட்டுத் திறந்தது. கேற் திறக்கேல்லை."

செவ்வாய்க்கிழமை திறந்த கேற். வியாழக்கிழமை எங்கள் பூட்டு சங்கிலியின் ஒரு நுனியில் சும்மா தொங்கியிருக்கிறது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். கையில் அடி அதற்குப் பிறகுதான் விழுந்திருக்க வேண்டும்.

யார் மாற்றிக் கொழுவினது? நோவாலைன் திறப்பு கண்டியில் ஒருவரிடம்தானே இருக்கிறது. ஐயோ, வேண்டாம். அப்படி இருக்காது.

1 பெப்ரவரி, ஞாயிறு

இருந்தது.

லீலா அக்கா கதவைப் பாதி திறந்து, "அவர் இல்லை" என்றாள். அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். விவேகானந்தன் அண்ணை கதிரையில் இருந்தார், சவரம் செய்யாத முகத்தோடு.

"நீங்களே கொழுவினது?"

"கொழும்பில இருந்து போன் வந்தது சரோ. பொலிஸ் திரும்ப வரமுதல் எங்கட பூட்டு மட்டும் இருக்கிற மாதிரிச் செய் எண்டு. ஏன் மற்றப் பூட்டு அங்க வந்தது எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? நான்தான் ஒரு தமிழனை உள்ள விட்டனான் எண்டோ? நானும் யாழ்ப்பாணம்தானே. ரெண்டு தமிழர் சேர்ந்து ஒரு டவருக்குள்ள எண்டால் அதுக்கு என்ன பேர் வைப்பாங்கள்?"

"என்ர வீட்டில இருந்து சாப்பிட்டனீங்கள் அண்ணை."

அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், எழுதக் கூசுகிறது. லீலா அக்கா என் கையைப் பிடித்து, "எனக்கும் ரெண்டு பெடியள், வளர்ந்த பெடியள்" என்றாள். கையை உதறிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது, அவர் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்தது. அதனால் என் ஆத்திரம் ஒன்றும் குறையவில்லை.

9 பெப்ரவரி

அப்போ சிங்களவர் ஒருவர் சொல்லட்டும். ரணவீரவின் அறைக்குப் போனேன். இருக்கச் சொன்னார், தேநீர் எடுப்பித்தார். நல்ல மனிதர், அதுதான் கரைச்சல்.

"மிஸிஸ் ராஜரத்தினம், வழக்கு நடக்கிறது. அவர்களைக் கேட்காமல் அவர்களின் டவரில் டிஷ் போட்டோம் என்று நானே பொலிஸில் போய்ச் சொன்னால் கொம்பனி தோற்றுவிடும். கொஞ்சம் பொறுங்கள்."

"உங்களுக்குத் தெரியுந்தானே சேர், அவர் ஒரு பிழையும் செய்யவில்லை."

"எனக்குத் தெரியும். ஆனால் அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்காதீர்கள்."

இரண்டு கொம்பனியும் ஒரு டவருக்குச் சண்டை. இவரைத் தெரியாது என்று சொல்லுவதில் மட்டும் நல்ல ஒற்றுமை. தேநீரைக் குடிக்காமல் எழும்பி வந்தேன். வந்து மேசையில் இருந்து, "மன்னிக்க வேணும் ஐயா, பார்த்துக்கொண்டிருக்கிறம்" என்றேன். மஹியங்கனை லைன் இன்னும் இல்லை. எங்கள் டிஷ்ஷைக் கழற்றிப் புல்லில் போட்டிருக்கிறார்களாம்.

17 மார்ச்

மறியல் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். தடுப்புக் காவல் மூன்று மாதம், பிறகு நீடிக்கலாமாம்.

2 ஏப்ரல்

காவல்காரன் பெரியதம்பியாவது சாட்சி சொல்லட்டும் என்று தேடிப் போனேன். தோட்டத்தில் இல்லை. அவனையும் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து பெண்சாதி பிள்ளைகளோடு எங்கோ போய்விட்டான்.

14 ஜூன்

வலைக்கு அந்தப் பக்கம் இவர், இந்தப் பக்கம் நாங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். முன்பெல்லாம் முதலில் கேட்பது, "லைன் எப்பிடி சரோ?" இன்றைக்குக் கேட்கவில்லை. மைதிலி பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் வென்றதைச் சொன்னாள். தலையை ஆட்டினார். காது கேட்கவில்லையா, மனம் கேட்கவில்லையா?

18 செப்டெம்பர், வெள்ளி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

இரண்டு கொம்பனியும் சமாதானம். புது டவருக்கு இனியும் அனுமதி வராது என்று கண்டவுடன் வழக்கைக் கைவிட்டு, டவர்களைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். கண்டியில் ஒரு ஹோட்டலில் விழா. கிளைப் பெண்கள் எல்லோரும் சேலையில் வர வேண்டும் என்று கட்டளை. போனேன்.

நோவாலைனின் கொழும்புப் பெரியவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "நாங்கள் இன்றைக்குத்தான் கைகொடுக்கிறோம். ஆனால் எங்கள் கண்டிப் பிள்ளைகள் வழக்கு நடக்கும்போதே ஹுன்னஸ்கிரியவில் டவரைப் பகிர்ந்துகொண்டார்கள், குறும்பர்கள்!" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

எழும்பிவிட்டேன். சிங்களத்தில்தான் சொன்னேன், எல்லோருக்கும் விளங்கட்டும் என்று: "அப்படியென்றால் இதைப் பொலிஸிலும் வந்து சொல்லுங்கள் சேர். அந்தக் குறும்புக்கு என் புருஷன் எட்டு மாதமாக மறியலில் இருக்கிறார்."

கைதட்டல் நின்றுபோயிற்று. பின்வரிசையில் விவேகானந்தன் அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரணவீர என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். "திங்கட்கிழமை போவோம். அவர்களும் வருவார்கள்" என்றார்.

இனிச் சொன்னால் ஒருவருக்கும் நட்டமில்லை. அதனால் சொல்லப்போகிறார்கள்.

7 அக்டோபர்

வந்துவிட்டார். என் பிள்ளையாரே.

20 நவம்பர்

வலது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை. ஏணியைப் பிடிக்க முடியாது. பிடிக்க முடிந்தாலும் மலைக்குப் போக முடியாது: பொதுவான டவர்களுக்குப் போகிறவர்களின் பெயரைப் பாதுகாப்புப் பகுதி பார்த்து அனுமதிக்க வேண்டுமாம், மறியலில் இருந்தவருக்கு அனுமதி இல்லையாம். குற்றமில்லை என்று விட்ட மறியல்தானே என்று ரணவீரவைக் கேட்டேன். ஓம் என்றார், விதி அப்படி என்றார்.

விவேகானந்தன் அண்ணை ஒருநாள் வாசல்வரை வந்தார். இவர் எழும்பி அறைக்குள் போய்விட்டார். அவர் கொண்டுவந்த பழப்பையைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

8 டிசம்பர்

போன் அடித்தால் நடுங்குகிறார். பின்கதவுக்குக் குறுக்கே அலுமாரியைத் தள்ளியாயிற்று. முன் இரும்புக் கதவுக்கு உள்ளால் சங்கிலி போட்டுப் பூட்டுகிறார், திறப்பு அவர் இடுப்பில். இரவெல்லாம் விழித்திருந்து விடியத்தான் கண்ணயருகிறார். மைதிலியின் பள்ளிக்கூடத்துக்காகத் தட்டி எழுப்பினால் கையை முகத்துக்கு மறைத்துக்கொண்டு துள்ளி எழும்புகிறார். பிள்ளை அதைப் பார்த்துவிட்டாள். இனி எழுப்புவதில்லை என்று நினைத்திருக்கிறேன். என்ன செய்ய?

11 ஜனவரி 1999, திங்கள்

ஒரு வழி தோன்றியது. டவுனில் ஒரு ஆமைப்பூட்டு வாங்கி வந்து, டவரில் செய்கிற மாதிரியே அவருடைய பூட்டுக்குள்ளால் கொழுவினேன். அவர் பயமில்லாமல் படுக்கலாம், நாங்கள் அவரை எழுப்பாமல் போகலாம்.

வந்து நின்று பார்த்தார். இரண்டு பூட்டையும் இழுத்துப் பார்த்தார். "சரியாய்த்தான் கொழுவியிருக்கிறாய்" என்றார். வந்ததிலிருந்து அவர் சொன்ன நீளமான வசனம் இதுதான். சந்தோஷத்தில் கீரிமீன் வாங்கிப் பொரித்தேன்.

12 ஜனவரி

காலையில் என் திறப்பைப் போட்டேன். பூட்டுத் திறந்தது. கதவு திறக்கவில்லை.

சங்கிலியின் இரண்டு நுனியையும் சேர்த்து அவருடைய பூட்டு. என்னுடையது ஒரு நுனியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அறைக்குள் அயர்ந்து தூங்கினார், எவ்வளவோ நாளைக்குப் பிறகு குறட்டையோடு.

மைதிலி சப்பாத்தும் போட்டுப் புத்தகப் பையோடு நின்றாள். "அப்பாவை எழுப்பட்டோ அம்மா?"

வேண்டாம் என்றேன். இரண்டு பேரும் கதவடியில் இருந்துகொண்டோம்.