அக்கா விதைத்த அந்திமந்தாரை

ஏப்ரல் 28

விடுமுறை தொடங்கிவிட்டது. வேலியில் சங்குப்பூ, கிணற்றடியில் நித்தியகல்யாணி, குளியலறைச் சுவரை ஒட்டிக் கனகாம்பரம். கொல்லையில் அக்கா விதைத்த அந்திமந்தாரையில் இன்று இந்த வருஷத்து முதல் பூ: பாதி மஞ்சள், பாதி ரோஜா நிறம். பகலெல்லாம் தூங்கிவிட்டு, வீட்டில் டீ போடும் நேரத்துக்கு எழுந்து வரும் பூ. அக்காவும் அப்படித்தான் என்பாள் அம்மா.

அதன் விதை மிளகு மாதிரி கறுப்பாக இருக்கும். நசுக்கினால் உள்ளே வெள்ளை மாவு. சின்ன வயதில் அக்கா அதை என் முகத்தில் பூசி, கண்ணாடி முன்னால் நிறுத்துவாள். குட்டிப் பேய் வந்திருக்கிறது என்று அப்பா பயந்தமாதிரி நடிப்பார். அப்பா விளையாடிய காலம் அது.

ஏப்ரல் 30

அக்கா போன் செய்தாள். அப்பா வெளியே டிராக்டர் ரிப்பேருக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, அம்மாவின் போனில்தான் எப்போதும் பேசுவாள். நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, நகரத்தில் ஒரு கேக் கடையில் சேர்ந்து, கிரீமில் பூ வரைகிறாள். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது என்று அவள் சொன்னதை அப்பா நம்பவில்லை. தெரிந்தவர்களிடமெல்லாம் “என் மக நர்சு” என்று சொல்லி வைத்திருந்தார், பாவம். இந்த வீட்டுப் பக்கம் வராதே என்று போன கோடையில் சொன்னவர்தான். அதன் பிறகு இருவரும் பேசவே இல்லை.

“பூத்துதாடி? அப்பா வெட்டிப் போட்டுட்டாரா?”

இல்லை என்றேன்.

“வெட்டலையா... அப்ப என்னை மொத்தமா வெறுத்துடல. அது இருக்கிற வரைக்கும் எனக்கும் அங்க இடம் இருக்கு. லீவு போட்டுட்டு வரேன்.”

இனி இந்தச் செடிகளுக்கு நான்தான் காவல்.

மே 4

அப்பா கொல்லையில் முளை அடித்துக் கயிறு கட்டியிருக்கிறார். வண்டிகளை வைத்து ரிப்பேர் செய்ய ஷெட் வரப்போகிறதாம். ஒரு முளை அந்திமந்தாரைக்குப் பக்கத்திலேயே. கேட்கலாமா? கேட்டால் அக்கா பேச்சு வரும், அவர் சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்விடுவார்.

புத்தகத்தில் பார்த்தேன். வேரைச் சுற்றிய மண்ணோடு தோண்டி வேறு இடத்தில் நடலாமாம். நாளைக்கு மதியம் அப்பா இருக்கமாட்டார்.

மே 5

ஐயோ. எல்லாம் போச்சு.

தோண்டத் தோண்டக் கிழங்கு மாதிரிப் பருத்த வேர் கீழே போய்க்கொண்டே இருந்தது. உடைந்துவிட்டது. இருந்தாலும் வேலியோரம் நட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். டீ நேரத்துக்கு ஒரு பூகூட எழுந்திருக்கவில்லை. நட்ட செடிகள் எல்லாம் தலை தொங்கிக் கிடந்தன. புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இருந்ததை இப்போதுதான் படித்தேன்: வெயில் நேரத்தில் பிடுங்கக் கூடாது. நீயெல்லாம் ஒரு புத்தகப் புழுவாடி?

மே 6

காலையில் கொத்தனார் வந்தார். கயிற்றைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

“செடிக்கு இடம் விடணும்னுதானே கயித்த வளைச்சுக் கட்டினீங்க? அதான் செடியே இல்லையே. நேராவே எழுப்பிடவா?”

அப்போதுதான் கவனித்தேன். கயிறு நேராக வந்து, அந்திமந்தாரை இருந்த இடத்தில் ஒதுங்கி, அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் நகத்தில் இன்னும் மண்.

“நான் வெட்டிடுவேன்னு நெனச்சியா?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வேலியோரம் போய்க் காய்ந்த செடிகளைப் பார்த்துவிட்டு வந்து, கொத்தனாரிடம் சொன்னார்: “கோணலாவே இருக்கட்டும்.”

மே 7

அக்கா போன் செய்தபோது உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை.

“வெட்டினது அவரு. நீ அவருக்காகப் பழிய ஏத்துக்கிற.” போனை வைத்துவிட்டாள்.

அம்மா அழவில்லை. ஆனால் அரிந்த வெங்காயத்தையே திரும்ப அரிந்துகொண்டிருந்தாள். அப்பனும் மகளும் ஒரே அச்சு, யார் சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்றாள்.

மே 12

அப்பா தினமும் வெறும் குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.

மே 19

முளை! போன வருஷம் உதிர்ந்த விதைகள் மண்ணுக்குள்ளேயே கிடந்திருக்கின்றன. சோடி சோடியாக இலைகள், குழி நெடுக. நான் கத்திய கத்தலில் அப்பா கையில் ஸ்பேனரோடு ஓடிவந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் போனைக் கேட்டார். நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

“அப்பா பேசறேன்... ம். செடி மொளச்சிருக்கு. வந்து பாரு.” பிறகு, “இப்பவும் மயக்கம் வருதா?” என்றார். அந்தப் பக்கம் என்ன பதிலோ. “சரி, சரி. அழாத” என்றார்.

ஜூன் 2

பள்ளி திறந்துவிட்டது. இன்று மாலை திரும்பி வரும்போது வாசலில் அக்காவின் செருப்பு.

கொல்லையில் நின்றிருந்தாள். செடிகள் சாண் உயரம்தான். பூக்க இன்னும் நாளாகும். கிரீமில் அந்திமந்தாரை வரைந்த கேக் ஒன்று கொண்டுவந்திருந்தாள். பஸ்ஸில் நசுங்கி, மஞ்சளும் ரோஜா நிறமும் ஒன்றாகக் கலந்துபோயிருந்தது. அசல் பூவும் அப்படித்தானே இருக்கும் என்றேன்.

அக்கா புது ஷெட்டை ஏற இறங்கப் பார்த்தாள். நேராக வந்த சுவர், செடிக்குப் பக்கத்தில் மட்டும் உள்ளே வளைந்து போகிறது.

“ஏம்ப்பா, செவுரு இங்க மட்டும் இப்படிக் கோணலா இருக்கு?”

அப்பா வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வரவில்லை.

“கொத்தனாரக் கேளு” என்றார்.