காளையின் இன்னொரு காது

அன்புள்ள அத்தானுக்கு, பிரேமலா எழுதுவது. முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? குளிரைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை.

பிரிஞ்சாங் டவுன் நடுவில் ஒரு சிமெண்டுக் காளை இருக்கிறது. பிள்ளைகள் ஏறி ஏறி அதன் முதுகே வழவழப்பாகிவிட்டது. தேயிலைத் தோட்டத்து மக்கள் அதை நந்தியாகவே நினைத்துக் காதில் வேண்டுதல் சொல்வார்கள். நேற்று நானும் அதன் ஒரு காதில், நம் ஊர்ப் பள்ளிக்கே மாற்றல் கேட்டேன். கூட வந்த செல்லம் அக்கா, கொழுந்து பறிப்பவர், சிரித்துவிட்டார்.

“டீச்சர், அந்தப் பக்கத்துக் காத மூடலையே லா! சொன்னதெல்லாம் வெளிய போயிருக்கும்.”

அவரே ஓடிப்போய் அந்தக் காதைப் பொத்திக்கொண்டார். “இப்ப சொல்லுங்க.”

இம்முறை மாற்றல் கேட்கவில்லை.

பள்ளி மணி அடித்துவிட்டது. ஒரு ஜோடி கம்பளிக் காலுறை வேண்டும். தபாலில் அனுப்பாதீர்கள், நீங்களே கொண்டு வாருங்கள். காளையிடம் அதைத்தான் சொன்னேன்.

பிரேமலா